பழைய தாளில் உறங்கிய வால்ட்ஸ்

1963-ஆம் ஆண்டு வெளிவந்த 'இல் கட்டோபார்டோ' என்னும் இத்தாலியத் திரைப்படத்தின் இறுதிப் பகுதி ஒரு நடன விருந்து. ஏறத்தாழ 45 நிமிடங்கள் நீளும் அக்காட்சியில், முதுமையை நெருங்கும் சலினா இளவரசரை இளம்பெண் ஆஞ்செலிக்கா மஸூர்க்கா ஆட அழைக்கிறாள். அவரோ வால்ட்ஸ் ஆடவே இசைகிறார். அப்போது எழும் இசையை அதற்கு முன் பொதுமக்கள் கேட்டதில்லை. அதை இயற்றியவர் மறைந்தோ அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

அவர் ஜுசெப்பே வெர்டி (1813–1901), 'ஐடா' முதலிய இசை நாடகங்களால் புகழ்பெற்றவர். மிலான் நகரில் கிளாரா மாஃபேய் என்ற சீமாட்டியின் வரவேற்பறை, இத்தாலிய ஒருமைப்பாட்டை விரும்பியோர் கூடும் இடமாக விளங்கியது. அந்த நெடுநாள் தோழிக்காக வெர்டி பியானோவுக்கென எழுதிய சிறு வால்ட்ஸ் இது. அரங்குக்காக எழுதப்படாததால் அச்சேறாமலே கிடந்தது.

பழம்நூல் வணிகர் ஒருவரிடமிருந்து அக்கையெழுத்துப் படியை வாங்கியவர் மாரியோ செராந்திரெய், திரைப்படத் தொகுப்பாளர். வங்கிப் பணியில் இருப்போர் இதை எளிதில் உணர்வர்: பாட்டனார் பெட்டியிலிருந்து வெளிவரும் பங்குப் பத்திரம், கண்டுகொள்பவர் கையில் சேரும்வரை வெறுந்தாளே.

செராந்திரெய் அதை இயக்குநர் லூக்கினோ விஸ்கோந்தியிடம் அளித்தார். கதை நிகழ்வது 1860-களின் தொடக்கத்தில். கரிபால்டியின் படை சிசிலியில் இறங்கிய காலம். பழைய பிரபுக்குலம் தேய்வதைக் கூறும் அக்கதைக்கு, அந்நூற்றாண்டின் இசையே கிடைத்தது எவ்வளவு பொருத்தம்! பலேர்மோவின் கான்ஜி மாளிகையில் படமாக்கப்பட்ட அவ்விருந்தின் பிற நடன இசைகளை நீனோ ரோட்டா அமைத்தார். பின்னாளில் 'காட்ஃபாதர்' படத்துக்கு இசையமைத்தவர் இவரே. வெர்டியின் வால்ட்ஸை வாத்தியக் குழுவுக்கு ஏற்ப விரித்தவரும் அவரே.

ஆகவே திரையில் நாம் கேட்பதில் வெர்டி எவ்வளவு, ரோட்டா எவ்வளவு என்ற வினா எழுகிறது. மெட்டு வெர்டியுடையது, மூன்று தட்டில் சுழலும் அதன் ஓட்டம் நம் திஸ்ர நடையை நினைவூட்டும். அதற்கு ஆடம்பரமும் அகலமும் தந்தவை ரோட்டாவின் வயலின்கள். என் செவிக்கு, தனிப் பியானோவில் அது இன்னும் எளிமையானது, ஒரு வீட்டுக் கூடத்துக்கே உரியது.

அவ்வாண்டு கான் திரைவிழாவில் படம் தங்கப் பனைவிருது பெற்றது. அந்த வால்ட்ஸும் அதனுடன் உலகெங்கும் சென்றது. படம் காண வாய்ப்பில்லாதோர் இசையை மட்டுமாவது கேட்கலாம்: முதலில் பியானோவில், பின்னர் ரோட்டாவின் வாத்தியக் குழுவில்.