மஞ்சளா, சந்தனமா?

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியில், மலை நெருங்க நெருங்கத் தோப்பும் கூடிக்கொண்டே வரும். அந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர் உள்சுவருக்கு மஞ்சள் அடிக்கட்டுமா, சந்தன கலர் அடிக்கட்டுமா என்று கேட்டால், ஜன்னல் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்பேன்.

இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள். டைட்டானியம் டை ஆக்சைடு தரும் வெள்ளையில் மஞ்சள் இரும்பு ஆக்சைடைத் தாராளமாகச் சேர்த்தால் இதமான மஞ்சள். அதையே குறைத்து, துளி சிவப்பு ஆக்சைடும் துளி கறுப்பும் விட்டால் சந்தனம். மஞ்சள் காவிக்கட்டியில் இருப்பதும் இந்த ஆக்சைடுதான். சுட்டால் அதில் பிணைந்திருக்கும் நீர் வெளியேறிச் செங்காவியாகிவிடும்.

சுண்ணாம்பு அடித்த காலத்திலும் மஞ்சள் நிறத்துக்குக் காவியைத்தான் கலந்தார்கள். சமையல் மஞ்சள் உதவாது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் என்ன ஆகிறது? சிவந்துவிடுகிறது. போதாததற்கு, வெயில் பட்டால் வெளிறியும் போகும். காவி சுண்ணாம்பின் காரத்துக்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது.

கடை அட்டையில் இளசாகத் தெரிந்த மஞ்சள், அறை முழுக்க அடித்த பிறகு பழுத்துப்போய்த் தெரியும். பெயிண்டரைத் திட்ட வேண்டாம். ஒளி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்போது ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் நீலத்தை இழக்கிறது. மிஞ்சுவது மேலும் மஞ்சள். சந்தனத்தில் இந்தக் கூத்து குறைவு. ஆனால் அதற்குச் சொந்த நிறமும் குறைவு என்பதால் வெளியிலிருந்து வரும் சாயலை அப்படியே ஏற்றுக்கொள்ளும். மாவிலையில் பட்டு ஜன்னல் வழியே வரும் ஒளியில் பச்சை தூக்கலாக இருக்கும். சந்தனச் சுவர் பாசி பிடித்ததுபோலத் தோன்றலாம். தோப்புப் பக்க அறைக்குச் சிவப்பு சற்றுக் கூடிய சந்தனம்தான் என் தேர்வு.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்பது ஐரோப்பியக் கணக்கு. ராஜபாளையம் ஏறக்குறைய 9.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும்போது உச்சி வெயில் தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே சாயும்; ஆவணியில்தான் தெற்கே திரும்பும். அந்த மாதங்களில் வடக்கு அறை மஞ்சள் கண்ணைக் குத்தும்.

மேற்கே மலை மறைப்பதால் அடிவாரத்தில் வெயில் சீக்கிரம் இறங்கிவிடும், விளக்கும் சீக்கிரம் போட வேண்டியிருக்கும். 6,500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யில் சந்தனம் சாம்பல் பூசியதுபோல் ஆகும்; 3,000 கெல்வினில் மஞ்சள் மேலும் கனக்கும். இரண்டையும் இரண்டடிச் சதுரத்துக்கு எதிரெதிர்ச் சுவர்களில் அடித்து, விளக்கு வைத்த பிறகும் ஒருமுறை பார்த்துவிட்டு டப்பா வாங்குங்கள்.