தேதி தவறிய பதக்கம்

போர்க்காலப் பயணிகள் கப்பல்களின் நினைவுப் பொருள்களைத் தேடுபவர் கையில் சீக்கிரமே வந்து சேர்வது லூசிடானியா பதக்கம். உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஆனால் இதைப்போல் வம்பு வளர்த்த பதக்கங்கள் குறைவு.

1915 மே 7 அன்று, குனார்ட் நிறுவனத்தின் லூசிடானியா கப்பல் அயர்லாந்தின் தென்கரைக்கு அப்பால் யூ-20 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இரையாகி, 18 நிமிடங்களில் மூழ்கியது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டார்கள். மியூனிக் நகரப் பதக்கக் கலைஞர் கார்ல் கோட்ஸ் அந்த ஆகஸ்டில் ஒரு கேலிப் பதக்கம் செய்தார். அரசு சொல்லிச் செய்ததல்ல, அவர் சொந்த முயற்சி. ஒரு பக்கம் பீரங்கியும் விமானமும் ஏற்றிய கப்பல் மூழ்குகிறது. (தளத்தில் இரண்டும் இருந்ததில்லை, சரக்கறையில் 40 லட்சத்துக்கு மேல் துப்பாக்கித் தோட்டாக்கள் இருந்தது உண்மை.) மறுபக்கம் குனார்ட் கவுண்ட்டரில் எலும்புக்கூடு ஒன்று டிக்கெட் விற்கிறது. காசுக்காகப் பயணிகளைச் சாவுக்கு அனுப்பினார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு.

தேதியில்தான் சறுக்கினார்: மே 5 என்று பொறித்துவிட்டார். பதக்கம் பிரிட்டிஷார் கைக்குப் போனதும் அந்த இரண்டு நாள் வித்தியாசம் ஆயுதமாயிற்று. 'மூழ்கடிப்பதற்கு முன்பே பதக்கம் தயார், எல்லாம் திட்டமிட்ட கொலை' என்றார்கள். கடற்படை உளவுத்துறையின் ஏற்பாட்டில் இரும்பில் லட்சக்கணக்கான நகல்கள் வார்த்து, அட்டைப்பெட்டியில் விளக்கத் துண்டுத்தாளோடு ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். வசூல் பார்வையிழந்த சிப்பாய்களுக்கும் செஞ்சிலுவைக்கும் போனது.

ஆக, இன்று சந்தையில் புழங்குபவற்றில் பெரும்பாலானவை இந்த நகல்களே. பிரித்தறிய மாதத்தின் பெயரைப் பாருங்கள். ஜெர்மன் வழக்கப்படி 'ஐ' எழுத்தில் முடிந்தால் கோட்ஸ் செய்ததாக இருக்கலாம். 'ஒய்' என்றால் பிரிட்டிஷ் வார்ப்பு. காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், கோட்ஸும் இரும்பில் வார்த்ததுண்டு. என்னைக் கேட்டால், பெட்டியும் துண்டுத்தாளும் சிதையாத நகலே சுவையான சரக்கு: பிரசாரம் எப்படிப் பொட்டலம் கட்டப்பட்டது என்பதை அசல் காட்டாது. தேதி 7 என்றிருந்தால் குழம்ப வேண்டாம். அது கோட்ஸ் பிற்பாடு திருத்தி வெளியிட்டது. அதற்குள் பழைய தேதி ஊரெல்லாம் சுற்றிவிட்டிருந்தது.