இலவச சேனலுக்கு எதற்கு பில்?

"நான் இலவச சேனல் மட்டும்தான் பார்க்கிறேன், அப்புறம் எதுக்கு மாசாமாசம் பணம்?" என்று கேட்கிறீர்களா?

கேபிள், டிடிஎச் பில்லில் இரண்டு கட்டணங்கள் உண்டு. ஒன்று, சேனல்களை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கான நெட்வொர்க் கட்டணம். இலவச சேனல் மட்டும் பார்த்தாலும் இதைக் கட்டணும். இன்னொன்று, நீங்கள் தேர்ந்தெடுத்த கட்டண சேனல்களின் விலை. டிராய் விதிப்படி, கட்டண சேனல் தொகுப்புக்குள் இலவச சேனலைச் சேர்த்து விற்கக் கூடாது.

டிடி ஃப்ரீ டிஷ்ஷில் மாதக் கட்டணமே கிடையாது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கும் செலவுதான். அதில் இலவசமாக வரும் சேனலை மற்ற இடங்களிலும் இலவச சேனலாகவே அறிவிக்க வேண்டும் என்று 2024-இல் டிராய் விதி கொண்டுவந்தது.

எனவே, இந்த மாத பில்லை ஒரு தடவை பாருங்க. கேட்காத சேனலுக்குப் பணம் பிடித்திருந்தால் வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகார் செய்யுங்கள். புகார் எண்ணை மறக்காமல் குறித்து வையுங்கள்.