சாமான் வாங்கப் போகும் முன்

“காலையில வண்டி எடுக்க மாட்டேங்குது” என்று டீக்கடையில் ஒருவர் சொல்லிவிட்டால் போதும். கிளாஸ் கைக்கு வருவதற்குள் பக்கத்து பெஞ்சிலிருந்து நாலு பேர் நாலு சாமான் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பேட்டரி, செல்ஃப், நாசில், பம்ப். எல்லாமே காசு பிடிக்கும் சாமான்கள். அவர்களில் ஒருவராவது செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றுகிறது, சைலன்ஸரில் புகை வருகிறதா என்று கேட்டிருந்தால், நாலில் மூன்றை அங்கேயே கழித்துவிட்டிருக்கலாம்.

நான் பேசுவது எம்.எம். 540, கமாண்டர், மேஜர் போன்ற பழைய மகிந்திரா டீசல் ஜீப்புகளைப் பற்றி. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் வம்சம் இவை. ஒரு காலத்து வண்டிகளில் 2112 சி.சி. பெஜோ இன்ஜின், பின்னால் வந்தவை பலவற்றில் 2523 சி.சி. டி.ஐ. இன்ஜின். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல் பாதையில் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் பலவும் இந்த ரகம்தான். கம்ப்யூட்டர் கிடையாது, என்ன கோளாறு என்று விளக்குப் போட்டுச் சொல்லாது. ஆனால் மறைக்கவும் தெரியாத வண்டி. ஒழுங்காகக் கேட்டால் பதில் சொல்லும்.

முதலில் சுற்றும் வேகம். செல்ஃப் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் டீசல் பக்கம் போகவே வேண்டாம். டீசல் இன்ஜினில் பொறி போடும் பிளக் இல்லை. காற்றை வேகமாக நெரிப்பதால் எழும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் நெரித்த காற்று பிஸ்டன் ஓரமாகக் கசிந்துவிடும், சூட்டையும் சிலிண்டர் சுவர் குடித்துவிடும். இரவு முழுக்கச் சும்மா நின்ற பேட்டரியை மீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. முழு சார்ஜ் இருந்தும் முனகுகிறதா? எர்த்தைப் பாருங்கள்.

பழைய வண்டிகளில் பலர் தவறவிடும் இடம் இது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினிலிருந்து சேஸிக்கோ நேராக பேட்டரிக்கோ ஒரு தடித்த எர்த் ஒயர் இருந்தாக வேண்டும். சேறும் துருவும் ஏறி அதன் முனை தளர்ந்திருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. மறுமுனை இன்ஜினின் சுத்தமான இரும்பில். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அந்த வழியில்தான். மீட்டர் இல்லையென்றால் செல்ஃப் அடித்த கையோடு ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? தடித்த ஒயரில் போக வழியில்லாத கரண்ட் அந்த மெல்லிய கேபிளைப் பிடித்துத் திரும்பிப் போகிறது என்று பொருள். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி இறுக்கினால் வேலை முடிந்தது. இதற்காகச் செல்ஃப் மோட்டாரையே மாற்றியவர்கள் உண்டு.

வேகமாகச் சுற்றியும் எடுக்கவில்லையா? சைலன்ஸரைப் பாருங்கள். டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் இல்லை. பெஜோ இன்ஜினில் முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக் மேல். பிளக்குகளின் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப்பை பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒவ்வொரு பிளக் முனைக்கும் வைத்துப் பாருங்கள். லாம்ப் எரிந்தால் உள்ளே கம்பி அறவில்லை. நான்கும் நன்றாக இருந்தால், சாவியைத் திருப்பும்போது பிளக்குகள் வரை கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். ரிலேயிலோ ஒயரிலோ நின்றுபோயிருக்கலாம்.

புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. இன்ஜினை இழுத்து நிறுத்தும் கேபிள் உள்ள வண்டியில் அது முழுக்கத் திரும்பி வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதியில் மாட்டிக்கொண்ட கேபிளால் பம்ப் கழற்றப்பட்ட கதைகள் பட்டறைகளில் நிறைய உண்டு. கேபிள் சரியென்றால் அடுத்தது ஏர்.

ஏர் எடுக்கும் வண்டியை அதன் பழக்கத்திலேயே கண்டுபிடிக்கலாம். சாயங்காலம் நன்றாக ஓடியிருக்கும். காலையில் நாலு தரம் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கும், எடுத்த பிறகு ஒரு நிமிடம் இருமும், அப்புறம் நாள் முழுக்கச் சமர்த்தாக இருக்கும். முகம் மேட்டைப் பார்க்க நிறுத்திய இரவுக்கு அடுத்த காலையில் தொல்லை கூடும், ஏனென்றால் லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிப் போயிருக்கும்.

எல்லோரும் கீழே குனிந்து டீசல் எங்கே சொட்டுகிறது என்று தேடுவார்கள். சொட்டாது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். இளநீர் ஸ்ட்ராவில் விரிசல் இருந்தால் இளநீர் வெளியே வழிவதில்லை, காற்றுதான் உள்ளே வருகிறது, இதுவும் அப்படித்தான். ஆகவே ஈரமில்லாத ஜாயின்ட்டையும் நம்பக் கூடாது. வெடித்த ரப்பர் ஹோஸ், தேய்ந்த செம்பு வாஷர், டேங்குக்குள் இறங்கும் குழாயில் ஒரு துருப் பொத்தல், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஃபீட் பம்ப்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு துண்டு போட்டுப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும்.

இடத்தைக் குறுக்க இன்னொரு வழி, டேங்கையே விலக்கிவிடுவது. ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, இன்ஜினைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து புது ஹோஸ் ஒன்றை நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுங்கள். இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் ஒரே அடியில் எடுத்தால் பம்ப்பும் நாசிலும் நிரபராதிகள். கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவே. அப்போதும் அடம் பிடித்தால்தான் பம்ப் கடை.

லைனில் புகுந்த ஏரை வெளியேற்ற ஒரு வரிசை உண்டு. முதலில் ஃபில்டர் மேல் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப் லீவரைக் கையால் அடித்து, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை பொறுமையாக இருங்கள். பிறகு பம்ப்பில் உள்ள ஸ்க்ரூ. கடைசியாக நாசில் பைப்பின் நட்டைச் சற்றே தளர்த்திச் செல்ஃப் அடிக்க வேண்டும். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்காதீர்கள். நாசில் நூறு பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சுவது, டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய தடம் மாதிரி இருந்தாலும் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

அடுத்தது கொதிப்பு. “ஏத்தத்துல சூடாகுது” என்றால் எந்த ஏற்றத்தில், எந்த வேகத்தில் என்று கேளுங்கள். கல் பாதையில் ஊர்ந்து ஏறும்போது மட்டும் சூடாகி, தார் ரோட்டில் ஓடினால் இறங்கிவிடுகிறதென்றால் காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட் வழுக்கும், ஃபேனைச் சுற்றிய கூண்டை யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள், ரேடியேட்டர் செதில்களுக்குள் சேறு காய்ந்திருக்கும். சேற்றை இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளிக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து பீய்ச்சினால் இன்னும் உள்ளே போகும். மாறாக, நல்ல ரோட்டில் வேகமாகப் போகும்போது சூடேறினால் காற்றுக்குக் குறைவில்லை. தண்ணீர்தான் ஓடவில்லை, ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

ரேடியேட்டர் மூடியைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். அது அழுத்தம் பிடிக்கும் வால்வு. ஏழு பவுண்டு மூடி சரியாக வேலை செய்தால், சமவெளியில் தண்ணீர் 110 டிகிரிக்கு மேல் போனால்தான் கொதிக்கும். ரப்பர் வாஷர் இற்றுப்போனால் அந்தக் காப்பு போய்விடும். மலையில் இது இரட்டை நஷ்டம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. கீழே ஒழுங்காக ஓடிய வண்டி மேலே போனதும் ஆவி விடுவதற்கு மூடியே காரணமாக இருக்கலாம். மூடியைப் பார்ப்பது இன்ஜின் ஆறிய பிறகுதான்.

சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மூர்ப் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இல்லாத இன்ஜின் மலைக் குளிரில் சூடு பிடிக்க நேரமாகும், டீசல் சரியாக எரியாது, சிலிண்டர் தேயும். சந்தேகமிருந்தால் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேல் குத்தியிருக்கும் டிகிரியை ஒட்டித் திறந்தால் அதன்மேல் குற்றமில்லை. காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்துக்குள், தண்ணீர் இன்னும் சூடாகாதபோதே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் விஷயம் வேறு: ஹெட் கேஸ்கெட் வழியாக சிலிண்டரின் அழுத்தம் தண்ணீருக்குள் வருகிறது. அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை.

ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு வருவோம். ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் வெறி பிடித்தாற்போல் உதறுவது பட்டை ஸ்பிரிங்கும் முழு ஆக்சிலும் உள்ள எல்லாப் பழைய ஜீப்புக்கும் வரக்கூடிய வியாதி. ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் உதறல் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சற்றே ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கை வைத்துப் பார்க்கட்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசையும் இடமே தேய்ந்த இடம். பிறகு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு ஸ்டாண்டு கொடுத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங் பின். பட்டறையில் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்வதற்கு முன் இந்தச் சோதனை செய்துவிடலாம்.

ஃபோர் வீல் லீவர் மாட்டிக்கொள்வது பல சமயம் கோளாறே இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இந்த ஜீப்புகளில் அந்த வித்தியாசத்தை நடுவில் ஈடுகட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் சக்கரம் வழுக்கித் தன் கணக்கைச் சரி செய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க வழியில்லாததால் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி, லீவர் வெளியே வராது. சுத்தியல் தேடாமல், நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுத்தால் தானாக விடும். காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் போடாதிருந்தால் இந்தப் பேச்சே எழாது. முன்னும் பின்னும் தேய்மானம் வேறுபட்ட டயர் போட்டிருந்தால் நேர் ரோட்டிலும் முறுக்கேறும்.

கிளட்சை விடும்போது அடியில் ‘டொக்’ என்றால் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கிராஸ். அதற்கு முன் பல நாள் மெதுவாக ஓடும்போது குருவி போல் கீச்சிட்டிருக்கும், கிரீஸ் கேட்டு.

ஆற்றில் இறங்கி ஏறிய வண்டிக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. நீண்ட ஓட்டத்தில் சூடான ஆக்சில் திடீரெனக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஈடுகட்ட ஆக்சில் மேல் ஒரு சிறு மூச்சுத்துளை உண்டு. சேறு அதை அடைத்திருந்தால் ஆக்சில் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மறுநாள், வண்டி ஓடாமல் நின்றிருக்கும்போது, ஆக்சில் நடுவே உள்ள கிரவுனின் கீழ்ப் போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அதுதான் முதலில் சொட்டும். ஓடிய பிறகு பார்த்தால் இரண்டும் கலந்து வெளுத்திருக்கும், அப்போது முழு ஆயிலையும் மாற்றியாக வேண்டும். மூச்சுத்துளைக்கு ஒரு ஹோஸ் மாட்டி, பானெட்டுக்குள் உயரமான இடத்தில் கட்டி, வாயைக் கீழ்நோக்கித் திருப்பி விடுங்கள். அடுத்த மழைக்காலத்தில் ஆற்றைக் கடந்தாலும் கிரவுனுக்குள் தண்ணீர் ஏறாது.