உம்மாப் பாலுக்குப் பிறகு எந்தப் பால்?

கல்முனைக் கடைத்தெருவில் எந்தப் பார்மசிக்குள் போனாலும் பிள்ளைப் பால்மா டின்களுக்கென்று தனியாக ஒரு தட்டு இருக்கும். டின்களில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். ஒன்று முடிந்தால் இரண்டு, இரண்டு முடிந்தால் மூன்று என்று ஏறிக்கொண்டே போக வேண்டும், இடையில் விட்டால் பிள்ளைக்கு ஏதோ குறைந்துபோகும் என்ற பயம் வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் எப்படியோ வந்துவிடுகிறது. மூன்றாம் எண் டின் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவையே இல்லை என்பதை அந்தத் தட்டுக்கு முன்னால் நின்று யாரும் சொல்வதில்லை.

"பால் நிப்பாட்டப் போறன், புள்ளைக்கு எந்தப் பால் குடுக்கிற?" என்று கிளினிக்கில் கேட்டால், குடும்பநல உத்தியோகத்தர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "புள்ளைக்கு எத்தின மாசம்?" என்பதுதான். விடை முழுவதும் அந்த ஒன்றில்தான் தங்கியிருக்கிறது. முதலாவது வயது நிறைவதற்கு முன் பால் தெரிவு பெரிய விஷயம். நிறைந்த பிறகு, நாம் நினைக்கிற அளவு பெரிய விஷயமில்லை.

ஏன் அப்படி என்று பார்ப்போம். பசுவின் பால் கன்றுக்காகச் சுரப்பது. கன்று பிறந்த எடையை ஏறத்தாழ ஏழு வாரத்தில் இரட்டிப்பாக்கும். மனிதக் குழந்தைக்கு அதற்கு ஐந்து மாதம் வரை ஆகும். வேகமாக வளர வேண்டிய கன்றின் பாலில் 100 மில்லிலீற்றருக்கு 3.3 கிராம் அளவில் புரதம் இருக்கிறது. தாய்ப்பாலில் இருப்பது ஒரு கிராம்தான். சோடியம் உப்பு பசுப்பாலில் ஏறத்தாழ மூன்று மடங்கு, கல்சியம் நான்கு மடங்கு. பால்வெல்லம் எனப்படும் லாக்டோசு மட்டும் தாய்ப்பாலில்தான் கூட. நமது பிள்ளை எழுந்து ஓடுவதற்கு ஒரு வருடம் எடுத்துக்கொள்கிறது. அந்த ஒரு வருடத்தில் மூளைதான் முந்திக்கொண்டு வளர்கிறது. இரண்டு பாலும் நிறத்தில் ஒன்றுபோலிருந்தாலும் செய்யும் வேலை வேறு.

கூடுதலான புரதத்தையும் உப்பையும் வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. சில மாதக் குழந்தையின் சிறுநீரகத்துக்கு அந்தச் சுமை அதிகம். வயிற்றோட்டமும் நமது ஊர் வெயிலும் சேர்ந்துவிட்டால் உடலில் நீர் வற்றுவது சட்டென நடக்கும். அதைவிட மெல்ல வரும் ஆபத்து ஒன்று உண்டு. பசுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, இருப்பதும் உடலில் சரியாகச் சேராது. சில குழந்தைகளின் குடலில் பசுப்பால் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தக் கசிவையும் உண்டாக்கும். தாய்ப்பாலிலும் இரும்பு குறைவுதான், ஆனால் இருப்பதில் பெரும் பங்கைக் குழந்தையின் உடல் எடுத்துக்கொள்ளும். கருவிலிருந்தபோது சேமித்த இரும்பு ஆறு மாதமளவில் தீரத் தொடங்கும். அந்த நேரம் பார்த்துப் பசுப்பாலை முக்கிய உணவாக்கினால், பிள்ளை கொழுகொழுவென்று இருந்துகொண்டே இரத்தசோகைக்குள் போய்விடும். கொழுத்த பிள்ளைக்கு இரத்தம் குறைவென்று சொன்னால் எந்த மூத்தம்மாவும் நம்பமாட்டா.

ஒரு வயதுக்கு முன் தாய்ப்பால் கிடைக்காத பிள்ளைக்குப் போத்தல் மா, அதாவது எண் 1 டின், இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. அதுவும் பெரும்பாலும் பசுப்பாலிலிருந்து செய்ததுதான். 1860களில் ஜெர்மனிய இரசாயனவியலாளர் லீபிக் பசுப்பாலையும் தானிய மாவையும் கலந்து தாய்ப்பாலைப் போலச் செய்யப் பார்த்தார். அன்று தொடங்கிய முயற்சியின் இன்றைய வடிவம் இது. புரதத்தைக் குறைத்து, பாற்கொழுப்பின் இடத்தில் தாவர எண்ணெய்களை வைத்து, லாக்டோசைக் கூட்டி, இரும்பும் விற்றமின்களும் சேர்த்து உலர்த்தி எடுக்கிறார்கள். தாய்ப்பாலில் உள்ள நோயெதிர்ப்புப் பொருள்களை மட்டும் எந்தத் தொழிற்சாலையாலும் முழுமையாகச் சேர்க்க முடியவில்லை.

இந்த மா கிருமியற்றது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. டின் திறக்கும்போதே சில கிருமிகள் உள்ளே இருக்கலாம். அதனால்தான் கொதித்து ஆறிய நீரில் கரைக்காமல், 70 பாகைக்குக் குறையாத சூட்டில் கரைத்துப் பிறகு ஆறவைத்துக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2007ல் வழிகாட்டியது. கரைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மிச்சத்தை வைத்திருந்து கொடுக்கக் கூடாது. டின்னுக்குள் கிடக்கும் கரண்டியின் கணக்கையும் மாற்றக் கூடாது. விலை கூடியதென்று ஒரு கரண்டியைக் குறைத்து நீரைக் கூட்டினால் பிள்ளையின் வயிறு நிறையும், உடம்பு வளராது.

இந்த விஷயத்தில் வைத்தியர்கள் எல்லோரும் ஒரே சொல்லில் நிற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல், தாய்ப்பால் இல்லாத 6 முதல் 11 மாதப் பிள்ளைக்குப் போத்தல் மாவும் கொடுக்கலாம், விலங்குப் பாலும் கொடுக்கலாம் என்கிறது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 12 மாதம் வரை பசுப்பாலைக் குடிபாலாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. உலகம் முழுவதற்கும் எழுதுபவர்கள் டின் வாங்க வழியில்லாத வீட்டையும் நினைத்துத்தான் எழுதுகிறார்கள். என் எண்ணத்தில், வாங்க முடிந்தவர்கள் ஒரு வயது வரை எண் 1 டின்னோடு நிற்பது நல்லது. முடியாதவர்கள் காய்ச்சிய பசுப்பாலைக் கொடுப்பதற்கு முன் கிளினிக்கில் பேசி, இரும்புச்சத்துக்கு வழி செய்துகொள்ள வேண்டும். எப்படியானாலும் ஒரு வயதுக்கு முன் நெருங்கக் கூடாதவை சில உண்டு.

ஒன்று, நாம் தேத்தண்ணிக்குப் போடும் பால்மா. அது உலர்த்திய பசுப்பால்தான். குழந்தைக்கென்று திருத்திச் செய்யப்பட்டதல்ல. மலிவான சில பைக்கற்றுகளில் பாற்கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்புத்தான் இருக்கும்; பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசிக்க வேண்டும். மற்றது இனிப்பூட்டிய டின்பால். அதன் எடையில் ஏறத்தாழ பாதி சீனி. 1939ல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் டொக்டர் சிசிலி வில்லியம்ஸ் நிகழ்த்திய உரை, தாய்ப்பாலுக்குப் பதிலாக இந்தப் பாலைக் கொடுப்பதால் இறக்கும் குழந்தைகளைப் பற்றியது. 'பாலும் கொலையும்' என்று அதற்குத் தலைப்பு வைத்தார். அவர் பேசியது தேத்தண்ணிக் கடைக்காரரைப் பற்றியல்ல, பால் விற்ற கம்பனிகளைப் பற்றி. பாலில் தேன் கலந்து கொடுக்கும் வழக்கமும் நமது வீடுகளில் உண்டு. ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமிவித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்.

ஒரு வயது நிறைந்துவிட்டால் கதை மாறுகிறது. பிள்ளை வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறது, பால் பக்கத்துணை ஆகிறது. கொழுப்பெடுக்காத சாதாரண பசுப்பால் போதும். இரண்டு வயது வரை கொழுப்பு நீக்கிய பால் வேண்டாம், வளரும் மூளைக்கு அந்தக் கொழுப்புத் தேவை. மேலே சொன்ன 2023 வழிகாட்டல், 12 முதல் 23 மாதப் பிள்ளைக்கு விலங்குப் பாலைக் கொடுங்கள் என்றும், இந்த வயதுக்கென்று விற்கும் தொடர்நிலைப் பால்மாக்களைப் பரிந்துரைக்கவில்லை என்றும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. எண் 3 டின் அந்த வகைதான். சிலவற்றில் வனிலா மணமும் சேர்த்த இனிப்பும் இருக்கும். அதைக் குடித்துப் பழகிய பிள்ளை வெறும் பாலைத் துப்பும்.

அம்பாறைக் கரையோரத்தில் பாலுக்குப் பஞ்சமில்லை என்று சொல்லலாம், பஞ்சம் என்றும் சொல்லலாம். மேற்கே வயலும் மேய்ச்சலும் இருக்கின்றன. ஆனால் மருதமுனையிலோ சாய்ந்தமருதுவிலோ நெருக்கியடித்து வாழும் வீடுகளுக்கு நம்பிக்கையான பசும்பால் தினமும் கிடைப்பது எளிதல்ல. கிடைத்தால் பொங்கக் காய்ச்ச வேண்டும். கறந்த பாலில் மாட்டிடமிருந்து தொற்றும் புருசெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், "நம்மட மாடுதானே" என்பது அவற்றுக்குத் தெரியாது. பசும்பால் இல்லாதபோது ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு முழு ஆடைப் பால்மாவைப் பைக்கற்றில் சொன்ன அளவில் கரைத்துக் கொடுக்கலாம். 2022 மார்ச்சில் 400 கிராம் பைக்கற் 790 ரூபாய்க்கு ஏறி, அதுவும் கடையில் இல்லாமல் போன நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இனிப்பும் மணமும் சேர்க்காத பெட்டிப் பாலும் சரிதான்.

எருமைப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 வீதம், பசுப்பாலின் இரு மடங்கு. சிறு பிள்ளைக்குக் குடிபாலாகக் கனம் அதிகம். அதே எருமைப்பால் சட்டித் தயிராகும்போது நல்ல உணவாகிவிடுகிறது. பக்றீரியாக்கள் லாக்டோசின் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடுவதால் செரிப்பது இலகு. எட்டு மாதத்திலிருந்தே சீனி போடாமல் இரண்டொரு கரண்டி சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். ஆட்டுப்பால் குளிர்ச்சி, மருந்து என்று சொல்வார்கள். அதில் போலிக் அமிலம் மிகக் குறைவு. அதையே முக்கிய பாலாகக் கொண்டு வளர்ந்த குழந்தைகளுக்கு வரும் இரத்தசோகைக்கு வைத்தியத்தில் தனிப் பெயரே உண்டு. தேங்காய்ப்பால் கறிக்கு உகந்தது, பெயரில் மட்டும்தான் பால். புரதமும் கல்சியமும் அதில் சொற்பம்.

எந்தப் பாலானாலும் அளவு முக்கியம். ஒரு நாளைக்கு 350 முதல் 400 மில்லிலீற்றர், அதாவது இரண்டு கோப்பை. அரை லீற்றரைத் தாண்டிப் போகப் போக, பால் வயிற்றை நிரப்பிச் சோற்றைத் தள்ளிவிடும். "புள்ள ஒண்டுமே திங்குதில்ல, பால மட்டும்தான் குடிக்கிது" என்று அங்கலாய்க்கும் வீடுகளில் பல வேளை பால்தான் காரணம். சூப்பிப் போத்தலை விட்டுக் கோப்பைக்கு மாற்றுவதும் அப்போதே நடக்க வேண்டும். சூப்பியோடு தூங்கும் பிள்ளையின் முன்பற்கள் கறுத்துப்போவதை வழிநெடுகப் பார்க்கிறோம். பாலில் தேயிலைச் சாயத்தை ஊற்றிக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். சாயம் உணவிலுள்ள இரும்பைக் கட்டிவைத்துவிடும்.

அந்த இரும்பு எங்கிருந்து வரும்? நமது கரையில் அதற்கு டின் தேவையில்லை. முள் எடுத்த கீரியும் சூடையும், நெத்தலியும், முட்டையும், கிழமைக்கு ஒருமுறை சிறிது ஈரலும், முருங்கை இலையும் இருக்கின்றன. இலைக்கறியோடு கொஞ்சம் தேசிக்காய்ப்புளி விட்டால் அதன் இரும்பு நன்றாகச் சேரும். எடை குறைந்த பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷவும் 1973லிருந்து வரும் திட்டம். சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்தது. அதைப் பெரியவர்கள் சாப்பிட்டு முடிப்பது வேறு கதை.

தாய்ப்பாலைக் காப்பதில் இலங்கை பின்தங்கிய நாடல்ல. தாய்ப்பால் பதிலீடுகளை விற்பது பற்றிய சர்வதேசக் கோவை 1981ல் வந்தது. இரண்டே வருடத்தில், 1983ல், இங்கே அதற்கான கோவை வந்துவிட்டது, 2002ல் திருத்தப்பட்டது. 2016ஆம் ஆண்டுக் குடிசனச் சுகாதார ஆய்வில் ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். இலவச டின் என்ன செய்யும் என்பதைச் சுனாமி காட்டியது. 2004 டிசம்பரில் இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது நமது மாவட்டம். கடலுக்கு அப்பால், சுனாமி பாதித்த புதுச்சேரிக் கிராமங்களில் செய்த ஆய்வு ஒன்று 2006ல் வெளியானது. நன்கொடையாக வந்த பால்மாவைக் குடித்த பிள்ளைகளிடம் வயிற்றோட்டம் மற்றப் பிள்ளைகளைவிட மூன்று மடங்காக இருந்தது. கொடுத்தவர்களின் மனதில் குறையில்லை, ஆனால் சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் டின் பால் நோயாகிவிடும்.

இவ்வளவும் தாய்ப்பாலை முன்னரே நிறுத்த வேண்டியவர்களுக்கு. 84 வேலை நாள் பிரசவ லீவு முடிந்து பாடசாலைக்குத் திரும்பும் ஆசிரியைகள், அடுத்த கர்ப்பம் தங்கியவர்கள், வெளிநாடு போகிற உம்மாமார் என்று காரணங்கள் பல. இரண்டு வயது வரை பாலூட்டுபவருக்கு வேறு பாலைத் தேடும் கட்டாயமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இரண்டு வருடமும் அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனம் சொல்லும் இரண்டு வருடமும் ஒன்றாகவே இருக்கின்றன. அதற்கு முன் நிறுத்துவதானால் தாயும் தந்தையும் கலந்து பேசி உடன்பட்டுச் செய்யலாம் என்றும், வேறொருவரைக் கொண்டு பாலூட்டலாம் என்றும் அதே வசனத்தில் வருகிறது. நபி (ஸல்) அவர்களுக்கு ஹலீமா (ரழி) பாலூட்டிய சமூகம் அது. சாச்சியோ பெரியம்மாவோ பாலூட்ட முன்வந்தால் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எந்த டின்னையும்விட அது மேல், அவருக்கு நோய்த்தொற்று இல்லையென்று தெரிந்தால். ஷாபி மத்ஹபின்படி இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை குடித்தால் பால்குடி உறவு உண்டாகிவிடும். பின்னால் கலியாணம் பேசும்போது குழப்பம் வராதபடி இரு வீட்டாரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாட்டுப்பாலில் அந்தச் சிக்கல் இல்லை.

நிறுத்தும் முறை பற்றியும் ஒரு சொல். மார்பில் வேப்பெண்ணெய் தடவி ஒரே இரவில் மறக்கடிப்பது பிள்ளைக்கும் வதை, பால் கட்டிக் காய்ச்சல் வரும் தாய்க்கும் வதை. சில நாளுக்கு ஒரு வேளை என்று பகல் பாலிலிருந்து குறைத்து, தூங்கப்போகும் நேரத்துப் பாலைக் கடைசியாக விட வேண்டும். புதிய பாலை முதல் நாள் சிறிதளவே கொடுங்கள். முகம் தடித்தாலோ, உடம்பில் தடிப்பு எழும்பினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ அந்தப் பாலை உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பால் ஒவ்வாமையாக இருந்தால் ஆட்டுப்பாலுக்கு மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. அதன் புரதமும் பசுப்பாலின் புரதத்தைப் போன்றதுதான்.