கொப்பியைப் பார்த்து முன்பள்ளியை அளக்காதீர்கள்

பிள்ளையை நேசரிக்கு விட்டு ஒரு மாதம் ஆவதற்குள் நற்பிட்டிமுனை வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடும்: "என்ட புள்ளைக்கு இன்னம் 'அ' எழுத வருதில்லியே மிஸ்?" பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறொரு முன்பள்ளிக்குப் போகிறது. அதன் கொப்பியில் பல பக்கம் நிறைந்துவிட்டது. நம்முடைய பிள்ளையோ நகத்தில் களிமண்ணோடு வீட்டுக்கு வருகிறது. என்ன படித்தாய் என்று கேட்டால் விளையாடியதாகச் சொல்கிறது. கல்முனைக் கரையோரம் முழுவதும், மருதமுனையானாலும் சாய்ந்தமருதானாலும், இந்தக் கவலை ஒன்றுதான். அது பிள்ளையின் மேலுள்ள பாசத்தில் பிறப்பது என்பதில் ஐயமில்லை. ஆனால் பார்க்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தைப் பார்க்கிறது. நாலு வயதில் ஒரு பிள்ளைக்கு நடக்கவேண்டிய காரியங்களில் பெரும்பாலானவை கொப்பியில் பதிவதில்லை. கொப்பி வேகமாக நிறையும் இடங்களில் அவற்றுக்கு நேரமே கிடைக்காமல் போவதும் உண்டு.

கொப்பி ஏன் இவ்வளவு பெரிய சாட்சியாகிவிட்டது என்பதற்குக் காரணம் முன்பள்ளிகள் நடக்கும் முறையில் இருக்கிறது. 1945இல் நடைமுறைக்கு வந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்குமானது என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தப் பாலர் வகுப்பு அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை அங்கேதான் முதன்முதல் காலெடுத்து வைத்தது. 1972இன் மாற்றங்களில் சேரும் வயது ஆறாக உயர்ந்தது, பிறகு ஐந்துக்கே திரும்பியது. இன்று ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை நேரே தரம் 1க்குப் போகிறது. அதற்கு முந்திய வயதுக்கான முன்பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்பில் இருக்கின்றன. நமக்குக் கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகம் உண்டு. இருந்தாலும் நாட்டில் பெரும்பாலான முன்பள்ளிகளைத் தனியாரும் சங்கங்களும் மத நிறுவனங்களுமே நடத்துகின்றன. ஆசிரியையின் சீவியம் பெற்றோர் கட்டும் மாதக் காசிலும், கிடைத்தால் கிடைக்கும் ஒரு சிறு கொடுப்பனவிலும் தங்கியிருக்கிறது. காசு கட்டுகிறவருக்குக் கண்ணால் காணத்தக்க ஒன்றைக் கொடுத்தாக வேண்டிய நெருக்கடி அவருக்கு. நிறைந்த கொப்பி அதற்கு வசதியான பொருள். பயிற்சி பெற்ற ஆசிரியைகள் பலருக்கு இது பிழையென்று தெரியும். வருகிற ஜனவரியில் பிள்ளைகள் வேறிடம் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் கையைப் பிடித்து எழுதவைக்கிறார்கள். ஆகவே இந்த விஷயத்தில் முதலில் மாறவேண்டியவர்கள் குடும்பத்தினர்.

தரம் 1இல் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதையாவது நாம் சரியாக அறிந்திருக்கிறோமா? அரசாங்கப் பாடசாலையில் தரம் 1 அனுமதிக்கான நேர்முகத்தில் பிள்ளைக்குப் பரீட்சை கிடையாது. அங்கே பார்ப்பது வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயரை, வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான தூரத்தை, பழைய மாணவர் என்பதற்கான அத்தாட்சியை. பிள்ளை 'அம்மா' என்று எழுதுமா என்பதற்கு அங்கே புள்ளி இல்லை. 1998இல் கம்பஹாவில் பரீட்சித்துப் பார்த்து 1999இல் நாடு முழுவதும் கொண்டுவரப்பட்ட ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1ஐயும் 2ஐயும் ஒரே முதன்மை நிலையாக வைத்தது. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்று வகையாகக் கற்றலைப் பிரித்து, அந்த முதல் நிலையில் விளையாட்டுக்கே கூடிய இடத்தைக் கொடுத்தது. எழுத்து வேலை மேலோங்குவது தரம் 4, 5இல்தான். பிள்ளை வந்து சேர்ந்தவுடன் பாடம் தொடங்காமல், அதை இனங்காண்பதற்கென்றே ஆரம்ப நாட்களை ஒதுக்கவும் சொன்னது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் அரசாங்கமே அவசரப்படுத்திக் கேட்காத ஒன்றை மூன்றரை வயதில் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்படியென்றால் அந்த ஆண்டில் எதைத்தான் எதிர்பார்ப்பது? முதலாம் தவணையில் கண்ணீரை எதிர்பார்க்கலாம். நம் ஊர்ப் பிள்ளை வளரும் வீட்டை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கிழக்குக் கரையோர முஸ்லிம்களிடம் மகளுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அதனால் பிள்ளையைச் சுற்றி உம்மம்மா, சாச்சி, மாமா, அவர்களின் பிள்ளைகள் என்று எப்போதும் சொந்த இரத்தமே நிற்கிறது. உம்மா வெளிநாட்டில் வேலைசெய்யும் குடும்பங்களில் உம்மம்மாவின் மடிதான் பிள்ளைக்கு உலகம். அழுமுன்னே பால் வரும், கையை நீட்டுமுன்னே பொருள் வரும். தன்னை அறியாத ஒருவரிடம் தன் தேவையை வாய்விட்டுச் சொல்லவேண்டிய நிலைமை பிள்ளைக்கு முதன்முதலில் ஏற்படுவது முன்பள்ளியில்தான். "தண்ணி வேணும்", "பாத்ரூம் போகணும்", "அவன் என்ட பென்சில எடுத்துட்டான்" என்று டீச்சரிடம் போய்ச் சொல்லக் கற்பது சின்னக் காரியமல்ல. சில பிள்ளைகளுக்கு அதற்கே ஒரு தவணை போய்விடும். முதல் மாதங்களில் தடிமனும் காய்ச்சலும் அடிக்கடி வரும். ஏற்கனவே நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தலைகாட்டலாம். இரவில் உம்மாவை விடாமல் ஒட்டிக்கொள்ளும். இவற்றில் பெரும்பாலானவை தாமாகவே அடங்கும். காலையில் பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவிப் போய்விடாமல், போகிறேன், இன்ன நேரத்துக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போய், சொன்ன நேரத்துக்கு வந்து நின்றால் விரைவில் அடங்கும்.

அடுத்தது கை. பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் எலும்பாக இறுகிய துண்டு ஒன்றுகூட இருக்காது. அங்குள்ள எட்டுச் சிறு எலும்புகளும் ஒவ்வொன்றாகவே இறுகுகின்றன, கடைசி எலும்புக்கு ஒன்பது, பத்து வயதுக்கு மேலும் ஆகும். விரல்களை ஆட்டும் தசைகளும் அப்படியே மெல்ல மெல்லத் தேறுகின்றன. கத்தரிக்கோலால் ஒரு வட்டத்தை வெட்டும் பிள்ளையைச் சற்றுப் பக்கத்திலிருந்து பாருங்கள். வலக்கை திறந்து மூடுகிறது. இடக்கை அதே நேரத்தில் கடதாசியைத் திருப்புகிறது. கண் கோட்டை விட்டு விலகவில்லை. நாக்கு உதட்டோரத்தில் வந்து நிற்கிறது. இரண்டு கையும் கண்ணும் ஒரே வேலையில் இணையும் இந்தப் பழக்கம்தான் பிறகு 'இ'யின் சுழியையும் 'ண'வின் மூன்று வளைவையும் போடப்போகிறது. களிமண் உருட்டல், மணி கோர்த்தல், சட்டைப் பொத்தான் போடுதல், பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போத்தலில் போடுதல் எல்லாம் எழுத்துக்கான ஆயத்தமே. இவற்றைத் தாண்டிக் குதித்துப் பென்சிலைத் திணித்தால் பிள்ளை பென்சிலை முஷ்டியில் பிடித்துப் பழகிவிடும். அந்தப் பிடியைத் தரம் 2இல் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதை ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் அறிவார்கள்.

நம் பகுதி முன்பள்ளிகள் வருடத்துக்கு ஒருதரம் நடத்தும் சிறுவர் சந்தையை நான் மிகவும் மதிக்கிறேன். முருங்கையிலைக் கட்டு, தேசிக்காய், கத்தரிக்காய், உம்மா பொரித்துக் கொடுத்த பலகாரம் எல்லாவற்றையும் பாயில் பரப்பிப் பிள்ளைகள் விற்கின்றன. வந்தவரைக் கூப்பிட வேண்டும், விலை சொல்ல வேண்டும், குறைத்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், இருபது ரூபாயை வாங்கி வைத்துக்கொண்டு மிச்சம் கொடுக்க வேண்டும், பக்கத்துப் பிள்ளையின் பண்டம் தன்னுடையதைவிட வேகமாக விற்றாலும் பொறுத்திருக்க வேண்டும். பேச்சு, எண், பொறுமை மூன்றும் ஒரே காலைப் பொழுதில் அங்கே புழங்குகின்றன. பெற்றோர் பலர் இதைப் படம் எடுப்பதற்கான நிகழ்ச்சியாக மட்டும் பார்க்கிறார்கள்; விற்பனையையும் தாங்களே முன்னின்று முடித்துவிடுகிறார்கள். பிள்ளை தடுமாறினால் தடுமாறட்டும். மிச்சக் காசு பிழைத்தால் பிழைக்கட்டும்.

இதற்கு எழும் மறுப்புகளில் பலமானது புலமைப்பரிசில் பரீட்சை. தரம் 5இல் அவ்வளவு போட்டி இருக்கும்போது நாலு வயதில் விளையாடவிட்டால் பிள்ளை பின்தங்காதா என்று கேட்கிறார்கள். நியாயமான பயம், ஆனால் ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட் என்பவர், ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைகளையும் ஒப்பிட்டார். பதினொரு வயதளவில் இரு சாராரின் வாசிப்புத் திறனும் சமமாகிவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகனில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி ஆய்வு இன்னும் ஆழமானது. வறிய குடும்பங்களின் 123 பிள்ளைகளை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மட்டும் முன்பள்ளி கொடுத்து, நாற்பது வயதுக்கு மேலும் பின்தொடர்ந்தார்கள். முன்பள்ளி சென்றவர்களின் நுண்ணறிவுப் புள்ளியில் தெரிந்த ஏற்றம் சில ஆண்டுகளில் மறைந்துபோயிற்று. ஆனாலும் பெரியவர்களான பின் அவர்கள் கூடுதலாக உழைத்தார்கள், குறைவாகவே பொலிஸில் பிடிபட்டார்கள். தன்னை அடக்கவும், எடுத்த வேலையை முடிக்கவும், பிறரோடு இணங்கவும் பழகியதே அதற்குக் காரணம் என்று பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் வாதிடுகிறார். அந்த ஆய்வு சிறியது, அது தூரத்து நாட்டுக் கதை என்று சொல்லலாம்; உண்மைதான். அங்கே ஆசிரியைகள் வாரந்தோறும் பிள்ளையின் வீட்டுக்குப் போய்த் தாயோடு இருந்து பேசினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் எதிர்ப்பக்கத்துச் சான்றையும் பாருங்கள். டெனசி மாநிலத்தில் ஏறக்குறைய 3,000 பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. அரசின் முன்பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் ஆறாம் வகுப்பில், செல்லாதவர்களைவிடப் படிப்பிலும் ஒழுங்கிலும் பின்தங்கியிருந்தார்கள். காரணம் குறித்து இன்னும் விவாதம் நடக்கிறது. முன்பள்ளி என்ற பெயர்ப்பலகை மட்டும் ஒரு பிள்ளைக்கும் நன்மை செய்யாது, உள்ளே காலைப் பொழுது எப்படிக் கழிகிறது என்பதே கணக்கு என்பதையாவது அது காட்டுகிறது.

மத்ரசாவில் இதே வயதுப் பிள்ளை அலிஃப், பே, தே ஓதுகிறதே, தமிழ் எழுத்து மட்டும் ஏன் கூடாது என்றும் கேட்பார்கள். நல்ல கேள்வி இது. மத்ரசாவில் அந்தப் பிள்ளை முதலில் செய்வது காதால் கேட்டு வாயால் திருப்பிச் சொல்வது. சூரத்துல் ஃபாத்திஹாவை எழுத்துத் தெரியுமுன்பே மனதில் ஏற்றிவிடுகிறது. ஒலியை நுணுக்கமாகப் பிரித்துக் கேட்கும் அந்தச் செவிப்பழக்கம் எந்த மொழி வாசிப்புக்கும் நல்ல அடித்தளம். முன்பள்ளியிலும் பாட்டு, கதை, விடுகதை என்று அதே வழியில் தமிழைச் செவிக்குக் கொடுங்கள் என்பதே என் வாதம். காலையில் முன்பள்ளி, பின்னேரம் மத்ரசா, இரவில் வீட்டில் எழுத்து என்று மூன்று பாரத்தையும் ஒரே சின்னத் தோளில் ஏற்றுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு சொல்: வீட்டில் யாரும் பேசாத மொழியில் பழங்களின் பெயர்களை ஒப்புவிக்கும் பிள்ளை, அந்த மொழியைப் பேசுகிறது என்று ஆகாது. தாய்மொழியில் ஒரு கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு மொழி பிறகு இலகுவாக வரும்.

எழுத்துக்காகப் பதறாதீர்கள் என்று சொல்லும்போது, பதறவேண்டிய விஷயங்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. நாலு வயதாகியும் பிள்ளை பேசுவது வெளியாருக்கு விளங்கவில்லையா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லையா, மற்றப் பிள்ளைகளோடு சேரவே மாட்டேன் என்கிறதா, முன்பு பேசிய சொற்களை இழந்து வருகிறதா? உடனே மிட்வைஃபிடம் சொல்லுங்கள். பிறந்தபோது கொடுத்த பிள்ளைச் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் வளர்ச்சிப் படிகளும் அச்சிடப்பட்டிருக்கின்றன. தடுப்பூசித் திகதி பார்ப்பதற்கு மட்டும் அதை எடுக்கிறோம். காது கேளாமையோ பேச்சுத் தாமதமோ மூன்று, நாலு வயதில் பிடிபட்டால் செய்வதற்கு நிறைய உண்டு. டீச்சர் இப்படி ஒன்றைச் சொன்னால் கோபித்துக்கொண்டு பிள்ளையை வேறு முன்பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். அவர் தன் வருமானத்தைப் பணயம் வைத்து உங்களிடம் உண்மை பேசியிருக்கிறார்.

டிசம்பர் நெருங்கும்போது விடுகை விழா வரும். கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்ட சின்னப் பட்டதாரிகளைப் பார்க்க யாருக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கான ஒத்திகைகள் பல வாரங்களை விழுங்குவதும், அங்கிக்கும் மேடைக்கும் கூலித் தொழிலாளி வாப்பா கடன்படுவதும் எனக்கு ஏற்புடையதல்ல. அந்தக் காசில் பாதி கதைப் புத்தகங்களாகவும் களிமண்ணாகவும் கத்தரிக்கோலாகவும் வகுப்புக்கு வந்தால் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் அது இருக்கும்.

வருகிற ஜனவரியில் பிள்ளையைச் சேர்க்க இருக்கும் உம்மாமார், வாப்பாமாரிடம் ஒரு வேண்டுகோள். காசு கட்டுமுன் ஒரு காலைப் பொழுது அந்த முன்பள்ளிக்குப் போய் உட்காருங்கள். ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளை என்று எண்ணுங்கள். பிள்ளைகள் பேசும் சத்தம் கேட்கிறதா, டீச்சரின் குரல் மட்டும் கேட்கிறதா என்று கவனியுங்கள். மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா, அழும் பிள்ளையை யாராவது தூக்குகிறார்களா என்று பாருங்கள். கொப்பியைக் கடைசியில் கேளுங்கள். கேட்காமல் விட்டாலும் குறையில்லை.