ஆர்க்கிட் இலையில் புள்ளியா?

வீட்டுக்குள் ஆர்க்கிட் வளர்க்கும் சகோதரிகள் இலையில் புள்ளி கண்டதுமே உரக்கடைக்கு ஓடுறாங்க. கொஞ்சம் பொறுங்க, இலையைத் தொட்டுப் பாருங்க.

ஜன்னல் வெயில் படும் இடம் மட்டும் வெளுத்துக் காய்ந்து, பரவாமல் நின்றால் அது வெயில் சூடு. தொட்டியை நகர்த்தினால் போதும். (நாங்களே ஒருமுறை இதற்கு மருந்தடித்துக் காசைக் கரைத்தோம்!) மஞ்சள் வளையத்தோடு கருப்புப் புள்ளி மெதுவாகப் பரவினால் பெரும்பாலும் பூஞ்சாணம். அந்த இலையை வெட்டி எரிச்சிடுங்க. அடங்கலைன்னா லிட்டருக்கு 2 கிராம் மாங்கோசெப் கலந்து, தொட்டியை வெளியே வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு தெளிக்கணும்.

கொழகொழன்னு, நாற்றத்தோடு, ஓரிரு நாளில் இலை முழுக்கப் பரவுதா? அது பாக்டீரியா அழுகல், மாங்கோசெப்புக்குக் கேட்காது. கத்தியைத் தீயில் காட்டி, நல்ல பகுதியும் ஒரு விரல் அகலம் சேர்த்து உடனே வெட்டுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி தீயில் காட்டணும். அந்தத் தொட்டியைத் தனியே வைங்க, தண்ணீரைக் காலையில் வேருக்கு மட்டும் ஊத்துங்க.